பட்டியில் வந்த பழி

கிளிநொச்சிப் பக்கத்தில் செம்மறியை இறைச்சிக்காக மட்டும் வளர்ப்பதில்லை. வயலிற் பட்டியடைத்து எருவும் பெறுவர். எங்கள் தந்தையார், சிறிய உடல்வாகுள்ள யாழ்ப்பாண மறிகளோடு வெளியினக் கிடாய் ஒன்றைச் சேர்த்தார். பிறந்த குட்டிகளின் செழிப்பைக் காண அயலவர்கள் வந்தனர். அவற்றுட் சிறந்த கிடாயையே அக்கலப்பு மறிகளுக்கு விட்டோம். மறுதலைமுறையோ மெலிந்தது, ஒன்றுக்கொன்று ஒவ்வாத குட்டிகள்! அயற்பட்டிக் கிடாயைப் புகவிட்டான் என்று மேய்ப்புச் சிறுவனைத் தந்தையார் விலக்கிவிட்டார்.

பல ஆண்டுகளின் பின், விலங்கியல் படிக்கையில் உண்மை விளங்கிற்று. ஈரினங்களின் வேறுபட்ட பரம்பரையலகுகள் சோடி சேர்வதாற் பிறப்பது கலப்பின வீரியம். 1914இல் ஷல் என்பார் அதற்கு ‘ஹெற்றரோசிஸ்’ எனப் பெயரிட்டார். கலப்புகளையே தம்முள் இணைத்தால் அச்சோடிகளிற் பாதி மீண்டும் ஒத்தவையாகிவிடும், வீரியமும் பாதியாகும். நாங்களோ ஒரே தந்தையின் மக்களையே இணைத்தோம்! இழப்பு இன்னும் மிகுந்திருக்கும்.

எஞ்சும் பாதியை, நெருங்கிய உறவுகளை இணைக்காது பெரிய மந்தையிற் பேணலாம். நான்கு இனங்களைச் சமமாகக் கலந்தால் முக்காற்பங்கு நிற்கும். தென்னாபிரிக்காவின் டோர்ப்பர், டோர்செற் ஹோர்ணும் கருந்தலைப் பாரசீகமும் கலந்து, தலைமுறைதோறும் தெரிந்தெடுக்கப்பட்டு நிலைபெற்ற இனமே.

இதைச் சொன்னபோது தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொடியன் இப்ப எங்கை?” என்று கேட்டார். வவுனியாப் பக்கம் போனானென்று மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது.