பழைய காரைப் பூட்டி முடிக்க ஒரு எக்செல் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி, "எக்செல் எதற்கு?" என்பது. வீட்டுக் கணக்கு எழுத என்பார்கள். நான்கு நாள் எழுதிவிட்டு விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் எக்செல் உருப்படியாக உழைத்தது அப்பாவின் பிரீமியர் பத்மினி காருக்குத்தான். அதைக் கழற்றிய மெக்கானிக், பாடி பெயின்ட் ஆகி வருவதற்குள் தொழிலை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எங்களிடம் இருந்தது பளபளக்கும் கூடு, ஏழு அட்டைப் பெட்டி உதிரி பாகங்கள், கழற்றும்போது நான் மொபைலில் எடுத்த 600 சொச்சம் படங்கள். 15 ஆண்டு தாண்டிய காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தேதியும் நெருங்கிக் கொண்டிருந்தது.

முதலில் படங்கள். மொபைலை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். முன்கதவு, டேஷ்போர்டு, பிரேக் என்று தனித்தனி ஃபோல்டரில் பிரியுங்கள். ஃபோல்டரைத் திறந்து தேதி வாரியாக வரிசைப்படுத்தி, கன்ட்ரோல் + ஏ அழுத்துங்கள். பிறகு எஃப்2 தட்டி "முன்கதவு" என்று டைப் செய்து என்டர் தட்டினால், முன்கதவு (1), முன்கதவு (2) என்று எல்லாப் படங்களுக்கும் பெயர் மாறிவிடும். பூட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்து வாருங்கள்.

அடுத்து எக்செல். காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் போதும். பாகம், பெட்டி எண், நிலை, "இதற்கு முன் எது?" என்று நான்கு காலம் போடுங்கள். நான்காவதுதான் உயிர். ரூஃப் லைனிங் போடாமல் முன் கண்ணாடியை மாட்டக் கூடாது. லைனிங்கின் ஓரம் கண்ணாடி பீடிங்குக்கு அடியில் போக வேண்டும். அந்த லைனிங்குக்கும் முன்னால், உள் விளக்குக்குப் போகும் ஒயரை இழுத்திருக்க வேண்டும். கண்ணாடி மாட்டுவதே தனிக் கலை. பீடிங்கின் உள் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை உருவ வேண்டும்.

ஒரு வேலை முடிந்தால், அதற்காகக் காத்திருந்த வரிகளின் நான்காவது கட்டத்தை அழித்துவிடுங்கள். கன்ட்ரோல் + ஷிப்ட் + எல் அழுத்தினால் ஃபில்டர் வரும். நிலை "பாக்கி", நான்காவது காலம் காலி என்று தேர்ந்தெடுத்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எதைத் தொடலாம் என்று தெரிந்துவிடும். "வாங்க வேண்டும்" என்பதை மட்டும் பிரித்து பிரின்ட் எடுத்தால், புதுப்பேட்டைக்குக் கொண்டுபோகும் லிஸ்ட் தயார்.

படத்தில் தெரியாத விஷயங்களும் உண்டு. பேட்டரி மின்சாரம் திரும்பி வரும் வழி காரின் பாடிதான். புது பெயின்ட் அதைத் தடுத்துவிடும். ஹெட்லைட் மங்கலாக எரியும், ஹாரன் முனகும். எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் மட்டும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை முறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோல் ஹோஸ்களைப் புதிதாகவே போடுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸா என்று கேட்டு வாங்குங்கள். பம்பில் உள்ள டயாஃபிரத்துக்கும் இதே விதிதான்.

பிரேக் வேலையை மட்டும், நீங்களே செய்தாலும், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் பெயின்ட் உரிந்து வரும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கார் தேறிவிட்டது. ஓட்டிப் போனவர் அப்பா. ஷீட்டில் இன்னும் மூன்று வரி பாக்கி இருக்கிறது: டிக்கி பூட்டு, இடது கதவு குரோம் பட்டை, எந்த இடத்தது என்று எந்தப் படத்திலும் தெரியாத ஒரு கிளிப்.