டாக்டர் 'ஓகே' கொடுத்தா போதுமா? ஆன்லைனில் உங்க மெடிக்கல் ரிப்போர்ட்டை யாரெல்லாம் திறக்கலாம்? முழு விளக்கம்

தர்மபுரி மாவட்டம் பொம்மிடியில் இருந்து பெரிய டாக்டரைப் பார்க்கணும்னா ரயில் ஏறி சேலம் போகணும், இல்லைன்னா பஸ் பிடிச்சு தர்மபுரி போகணும். எங்கே போனாலும் கையில் ஒரு கவர் இருக்கும். பழைய மருந்துச் சீட்டு, சுகர் ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் அதுக்குள்ளதான். அந்தக் கவரை வீட்டில் மறந்துட்டுப் போனா, மறுபடியும் அதே டெஸ்ட், மறுபடியும் செலவு.

இந்தக் கவர் இல்லாமலே எந்த ஊர் டாக்டரும் உங்க பழைய ரிப்போர்ட்டைப் பார்க்கலாம் என்பதுதான் மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம். நல்ல விஷயம்தான். ஆனா, ஒரு டாக்டர் இதில் சேரும்போது என்னென்ன நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறார்? அவர் ஒப்புக்கொண்டாலே உங்க ரிப்போர்ட் முழுக்கத் திறந்துவிடுமா? பார்க்கலாம்.

இது என்ன திட்டம்?

பெயர் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2020 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது. இதில் சேர்கிறவர்களுக்குக் கிடைப்பதுதான் 14 இலக்க 'ஆபா' எண்.

பலரும் தப்பா நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு. உங்க ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேர்வதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் அதை உருவாக்கியதோ, அங்கேயேதான் இருக்கும். இன்னொரு டாக்டர் கேட்டு, நீங்க சம்மதம் கொடுத்தால் மட்டும் அங்கிருந்து இவருக்குப் போகும்.

டாக்டர் எதுக்கெல்லாம் ஒப்புக்கொள்கிறார்?

டாக்டர் முதலில் சுகாதார வல்லுநர் பதிவேட்டில் சேரணும். படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் எல்லாம் கொடுக்கணும். அது சரியா என்று கவுன்சில் சரிபார்க்கும். அவர் வேலை பார்க்கும் கிளினிக்கும் தனியா ஒரு பதிவேட்டில் சேரணும்.

அதோடு, 2020 டிசம்பரில் வெளியான சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கைக்கும் கட்டுப்படணும். அதன் சாரம் இதுதான்:

• நோயாளியின் சம்மதம் இல்லாமல் ரிப்போர்ட்டை எடுக்கக் கூடாது.
• எந்தக் காரணத்துக்காகக் கேட்டாரோ, அதுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும்.
• வாங்கிய ரிப்போர்ட்டை, நோயாளியைக் கேட்காமல் வேறு யாருக்கும் தரக் கூடாது.
• ஆபா எண் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கடைசிப் பாயிண்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆபா கட்டாயம் இல்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியோட ஒப்பந்தம்

சின்ன கிளினிக் நடத்துகிற டாக்டர் தானே சாஃப்ட்வேர் எழுத முடியாது. ஒரு கம்பெனியிடம் வாங்குவார். அப்போ நீளமா ஒரு ஒப்பந்தம் திரையில் வரும். பெரும்பாலும் யாரும் படிக்க மாட்டோம். 'சம்மதம்' பட்டனை அழுத்திட்டுப் போயிடுவோம்.

டாக்டர்கள் இங்கேதான் கவனமா இருக்கணும். நோயாளிகளின் விவரம் எந்த சர்வரில் இருக்கும்? சாஃப்ட்வேரை மாற்றினால் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் தருவார்களா? அந்த விவரத்தைக் கம்பெனி வேறு எதுக்காவது பயன்படுத்துமா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஏன்னா, 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. விவரத்தைச் சேகரித்தவர்தான் பொறுப்பு. வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. பல நாட்கள் சீட்டு முதல் ரிப்போர்ட் வரை கையால் எழுத வேண்டியிருந்தது. எய்ம்ஸுக்கே அந்த நிலை என்றால், இரண்டு ரூம் கிளினிக் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கணும்?

பெரிய ஓட்டை எங்கே?

ஹேக்கரை விட்டுவிடுவோம். அன்றாடம் நடக்கக்கூடிய ஆபத்து ரொம்ப சாதாரணமானது: லாகினை இரவல் கொடுப்பது.

காலையில் கிளினிக்கில் கூட்டம் நெரிகிறது. டாக்டர் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தால் நேரம் போகும். அதனால் பாஸ்வேர்டை கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போ டாக்டர் பெயரில் யார் வேணும்னாலும் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். நாளைக்கு ஒரு பிரச்சனை வந்தால் பதிவில் இருப்பது டாக்டர் பெயர் மட்டும்தான்.

பெரிய நகரத்தில் கவுண்டரில் இருப்பவர் யாரோ ஒருவர். பொம்மிடி மாதிரி ஊரில் அவர் உங்க பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம், சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். ஒரு பெண்ணின் கருக்கலைப்பு, ஒருவரின் காசநோய், மனநல சிகிச்சை, எச்ஐவி டெஸ்ட். இதெல்லாம் ஊருக்குள் கசிந்தால் கல்யாணம் நிற்கும், வேலை போகும், வாடகை வீடு கிடைக்காது.

சட்டமும் இதைப் புரிந்து வைத்திருக்கு. எச்ஐவி விவரத்துக்கும் மனநல சிகிச்சைக்கும் 2017-ல் வந்த தனித்தனிச் சட்டங்களில் ரகசியப் பாதுகாப்பு உண்டு. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை தண்டனை கிடைக்கலாம். எல்லா நோய்க்கும் பொதுவாக, 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. கோர்ட் உத்தரவு, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

எஸ்டோனியா நாட்டில் தங்கள் ரிப்போர்ட்டை எந்த டாக்டர், எப்போது திறந்தார் என்பதை நோயாளிகளே ஆன்லைனில் பார்க்கலாம். லாகினை இரவல் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அங்கே தானா வந்துவிடும்.

உங்க கையில் என்ன இருக்கு?

டாக்டரின் ஒப்பந்தம் அவரை வாசல் வரைதான் கொண்டுவரும். பூட்டுச் சாவி உங்க சம்மதம். டாக்டர் ரிப்போர்ட் கேட்டால் உங்க மொபைல் ஆப்புக்கு ஒரு கோரிக்கை வரும். அதில் இதெல்லாம் இருக்கும்:

• கேட்பது யார், எதுக்காக?
• மருந்துச் சீட்டா, லேப் ரிப்போர்ட்டா, டிஸ்சார்ஜ் சம்மரியா? எந்த வகை?
• எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை உள்ள ரிப்போர்ட்?
• சம்மதம் எப்போது முடியும்?

கேட்டதை எல்லாம் கொடுக்கணும்னு அவசியம் இல்லை. முட்டி வலிக்குப் போன இடத்தில், 10 வருஷத்துக்கு முந்தைய பிரசவ ரிப்போர்ட் எதுக்கு? வகையைக் குறைக்கலாம், தேதியைச் சுருக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைப் பிறகு ரத்தும் செய்யலாம்.

இன்னொரு விஷயம். வீட்டுக்கே ஒரே ஃபோன்தான் என்றால், ஒரே நம்பரில் பலருடைய ஆபா இருக்கும். அந்த ஃபோன் யார் கையில் இருக்கோ, அவர் எல்லாருடைய விவரத்தையும் பார்க்க முடியும். முடிந்தவரை அவரவர் நம்பரில் எடுப்பது நல்லது. கவுண்டரில் "ஓடிபி சொல்லுங்க" என்றால் உடனே சொல்லிடாதீங்க. எதுக்கு அந்த ஓடிபி, ஆபா எண் எடுக்கவா, ரிப்போர்ட்டைப் பார்க்கவா என்று கேட்டுட்டு சொல்லுங்க.

தப்பு நடந்தா எங்கே சொல்வது?

ஆபா தொடர்பான புகாருக்கு 1800-11-4477 என்ற கட்டணமில்லா எண் இருக்கு. டாக்டர் ரகசியத்தை வெளியிட்டார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்க மருத்துவப் பதிவை நீங்களே கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன.

அப்போ பழைய கவரைத் தூக்கிப் போட்டுடலாமா? இப்போதைக்கு வேண்டாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியும் லேப்பும் உங்க ஆபாவோடு இணைத்த ரிப்போர்ட் மட்டும்தான் ஆன்லைனில் தெரியும். ஊர் டாக்டர் பேப்பரில் எழுதிக் கொடுத்த சீட்டு தானாக அங்கே போய்ச் சேராது. அடுத்த முறை சேலத்துக்குக் கிளம்பும்போது கவரும் இருக்கட்டும், ஃபோனும் இருக்கட்டும். சம்மதம் கேட்டு மெசேஜ் வந்தால், ஒரு நிமிஷம் நின்னு படிச்சுட்டு அழுத்துங்க.