ஆண்டுக்கு எத்தனை செ.மீ.?

பல பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. மதிப்பெண் அட்டையில் அதற்கெனக் கட்டங்களும் உண்டு. கையொப்பமிடும் பெற்றோர் கணித மதிப்பெண்ணைப் பார்க்கின்றனர்; உயரத்தைப் பார்ப்பவர் அரிது. சென்ற ஆண்டின் அளவோடு அதனை ஒப்பிடுபவர் அதனினும் அரிது.

பொருளாதாரத்தில் 'இருப்பு' வேறு, 'ஓட்டம்' வேறு என்று முதலாண்டு மாணவர்களுக்கே கற்பிப்போம். வங்கிக் கணக்கில் உள்ள தொகை இருப்பு. மாதந்தோறும் அதில் சேர்வது ஓட்டம். குழந்தையின் உயரம் இருப்பு என்றால், ஓராண்டில் எத்தனை செ.மீ. கூடியது என்பது ஓட்டம். வளர்ச்சிக் கோளாறு பெரும்பாலும் முதலில் வெளிப்படுவது இந்த ஓட்டத்தில்தான்.

பிரான்ஸில் மோன்ட்பெய்யார் பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனைப் பதினெட்டு வயது வரை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தார். இயற்கையியல் அறிஞர் பூஃபோன் அக்குறிப்புகளை வெளியிட்டார். குழந்தையின் வளர்வேகம் குறைந்துகொண்டே வந்து, பருவமடையும்போது திடீரென எழும்பி, பின் அடங்குவதை அந்த ஒற்றைச் சிறுவனின் கணக்கே காட்டிவிடுகிறது.

முதலாண்டில் குழந்தை ஏறத்தாழ 25 செ.மீ. வளர்கிறது, இரண்டாமாண்டில் 10 முதல் 12 செ.மீ. அதன்பின் படிப்படியாகக் குறைந்து, பள்ளி செல்லும் வயதில் ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. என நிலைபெறுகிறது. பருவமடையாத பிள்ளை ஓராண்டில் 4 செ.மீ. கூட வளரவில்லை எனில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், கோதுமை ஒவ்வாத குடல் நோய், வளர்ச்சி ஹார்மோன் பற்றாக்குறை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைபாட்டை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். விலை குறைந்த மாத்திரையே அதற்கு மருந்து.

'அப்பாவைப் போலக் குள்ளம்' என்று உறவினர் சொல்லும் ஆறுதலையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தந்தை 168 செ.மீ., தாய் 153 செ.மீ. எனில் சராசரி 160.5. மகனுக்கு அதனுடன் 6.5 கூட்ட வேண்டும், மகளுக்கு 6.5 கழிக்க வேண்டும். மகன் 167, மகள் 154 என்பது தோராயமான எதிர்பார்ப்பு. பிள்ளையின் வளர்ச்சி அதைவிட மிகவும் தாழ்ந்த பாதையில் சென்றால் பரம்பரை என்று விட்டுவிட முடியாது.

பெண் குழந்தைகளில் இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு, ஓர் எக்ஸ் குரோமோசோம் முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத டர்னர் குறைபாடு காணப்படுகிறது. சிறுவயதில் பலருக்கு எளிதில் கண்ணில் படும் அடையாளம் உயரக் குறைவு மட்டுமே. அதைக் கவனியாமல், பூப்பெய்தவில்லையே என்று பதினைந்து வயதில் மருத்துவமனைக்குச் செல்லும்போது வளர்ச்சி ஹார்மோன் தர வேண்டிய ஆண்டுகள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.

இதற்கு நேர்மாறானது முன்கூட்டிய பூப்பு. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னும், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றம் தொடங்கினால் பரிசோதனை தேவை. அப்போது அந்தப் பிள்ளை வகுப்பிலேயே உயரமாக நிற்கும், பெற்றோருக்குப் பெருமை. ஆனால், அதே ஹார்மோன்கள் எலும்பு நுனிகளில் உள்ள வளர்தட்டுகளை விரைவில் மூடிவிடுகின்றன. மாதவிடாய் தொடங்கியபின் ஒரு பெண் வளர்வது பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. மட்டுமே. ஒன்பது வயதில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் தேடுவோர், அதற்கு முன் குழந்தைகள் நல மருத்துவரைத் தேடுவது நல்லது. உரிய காலத்தில் வந்தால் பருவமடைதலைத் தள்ளிவைக்கும் ஊசி மருந்து உண்டு. ஆண் குழந்தையெனில் மூளையில் கட்டி உள்ளதா என்றும் பார்த்தாக வேண்டும்.

இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வயதை' மதிப்பிடுகின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் எலும்பு வயது பத்து என்றால், பெரும்பாலும் அவன் தாமதமாக வளர்பவன். தந்தைக்கும் அப்படியே நேர்ந்திருக்கும். அவனுக்குத் தேவை பொறுமை. விளம்பரங்களில் வரும் உயரம் கூட்டும் பானங்கள் யாருக்கும் தேவையில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் வளர்ச்சிக் குறைவை நாம் கணக்கெடுக்கிறோம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் அது 35.5 விழுக்காடு, தமிழகத்தில் 25 விழுக்காடு. அந்த வயதைக் கடந்தபின் அக்கறை தளர்ந்துவிடுகிறது. தொடக்கப் பள்ளி மதிப்பெண் அட்டையில் 'சென்ற ஆண்டைவிடக் கூடுதல்' என்று இன்னொரு கட்டம் சேர்க்கப் பெரிய செலவில்லை. காலணியைக் கழற்றி, குதிகால் சுவரில் படுமாறு நிறுத்தி அளந்து, 4 செ.மீ.-க்குக் குறைந்தால் சிவப்பு மையில் எழுதலாம். அந்த மைக்குப் பெற்றோர் அஞ்சுவர்.