மருந்து வந்தது, கக்கூஸ் வரவில்லை

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் கைவைத்தது மாத்தளைத் தோட்டங்களில்தான். தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். பெரும்பாலான இடங்களில் கக்கூஸ் என்று ஒன்று இல்லை. தேயிலைச் செடி மறைவே ஒதுக்குப்புறம், அதே மண்ணில்தான் மறுநாள் வெறுங்காலோடு வேலை.

புழுவுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? மலத்தோடு விழும் முட்டை ஈர மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குடம்பி காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் இரத்தம் குடிக்கும். சோகை பிடித்த உடம்பின் தளர்ச்சிக்குத் தோட்டத்தில் கிடைத்த பெயர் சோம்பல்!

தைமோலும் செனோபோடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். புழு வெளியேறியது. ஆனால் கக்கூஸ் கட்டக் காசு செலவழிக்கத் தோட்டத் துரைமார் பலருக்கு மனம் வரவில்லை. மருந்து குடித்தவர்கள் திரும்பவும் அதே மண்ணைத்தான் மிதித்தார்கள், புழுவும் திரும்ப வந்தது.

மனித மலம் மட்டும்தான் காரணமா என்றால், அதுவும் இல்லை. 1911இலேயே ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து ஒரு கொளுக்கிப்புழுவை விவரித்து, அதற்கு இலங்கையின் பெயரையே வைத்தார்: அன்கைலோஸ்டோமா சிலானிகம். நாய், பூனைகளின் புழு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட இது மனிதக் குடலிலும் முழுதாக வளரும். ஆசியாவில் மனிதரைத் தொற்றும் கொளுக்கிப்புழுக்களில் இதற்கு இப்போது இரண்டாம் இடம்.

நாய், பூனைகளைப் போலல்லாமல், பட்டி மாடு, ஆடுகளின் புழுக்கள் பெரும்பாலும் நம் வயிற்றில் தங்குவதில்லை. மாட்டு நாடாப்புழு விதிவிலக்கு. அதிலும் மாட்டின் மேல் பழிபோட முடியாது. மனித மலம் பட்ட புல்லை மேய்ந்துதான் மாட்டுக்கு அது வருகிறது, வேகாத இறைச்சி வழியே நம்மிடம் திரும்புகிறது.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு யார் கொடுப்பது? மிருக வைத்தியரிடம் கேட்டு அதற்கும் மருந்து கொடுங்கள், அதன் மலத்தை அள்ளிப் புதையுங்கள், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் வெளியே விடாதீர்கள். கக்கூஸ் இல்லாத லயன் இன்னும் இருந்தால், கக்கூஸைக் கட்டித்தர வேண்டியது தோட்ட நிர்வாகம். தயங்காமல் கேளுங்கள்.