நிலக்கடலைக்குத் தெளிப்பு நீர்: தலை சுற்றினால் போதுமா, தண்ணீர் சமமாக விழ வேண்டாமா?

ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் மானியம். வாங்கும் முன்பே அளந்து பார்த்தால் தண்ணீரும் மிச்சம், காயும் மிச்சம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் கொல்லைகளில் நிலக்கடலை இல்லாத பட்டம் கிடையாது. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கடலை போடுகிறவர்கள் ஏராளம். வாய்க்கால் வெட்டி, பாத்தி கட்டிப் பாய்ச்சினால் பாதித் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும். அதனால்தான் தெளிப்பு நீர்ப்பாசனம் இங்கே வேகமாகப் பரவியது.

ஆனால் ஸ்பிரிங்க்ளர் போட்ட வயல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில வயல்களில் தலையைச் சுற்றி வட்டமாகச் செடி கரும்பச்சையாக நிற்கும். இரண்டு தலைகளுக்கு நடுவே வெளிறிப்போய் குட்டையாக நிற்கும். செடியைப் பிடுங்கினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். கடலைப் பூ கருவுற்றதும் விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போக வேண்டும். மேல் மண் ஈரமாகவும் பொலபொலப்பாகவும் இருந்தால்தான் விழுது இறங்கும். காய்ந்து இறுகிய மண்ணில் விழுது நுழையாது. நுழைந்த காயும், ஈரம் இல்லாததால் ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுக்க முடியாமல் பொக்காகும். 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்த செலவு அந்த இடத்தில் வீண்.

தண்ணீர் மொத்தத்தில் எவ்வளவு விட்டோம் என்பது பாதிக் கணக்குதான். வயலின் மூலை முடுக்கு எல்லாம் ஒரே அளவு விழுந்ததா என்பது மீதிக் கணக்கு.

ஏன் அவசரப்படக் கூடாது?

நுண்ணீர்ப் பாசனத்துக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவிகித மானியமும் வழங்கப்படுகின்றன. ஒரு நிலத்துக்கு ஒருமுறை வாங்கிவிட்டால், மறுபடி அதே நிலத்துக்கு மானியம் கேட்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பொருந்தாத கருவியை வாங்கிப் போட்டுவிட்டால் ஏழு ஆண்டும் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். 'மானியம்தானே, எது கொடுத்தாலும் வாங்கிப் போடுவோம்' என்ற எண்ணம்தான் இதில் முதல் நஷ்டம்.

எது எதற்குப் பொருந்தும்?

*இடம் மாற்றும் ஸ்பிரிங்க்ளர்:* 63 அல்லது 75 மில்லிமீட்டர் குழாய்களைக் கிளிப் போட்டு இணைத்து, பாய்ச்சி முடிந்ததும் அடுத்த இடத்துக்குத் தூக்கி வைப்பது. நிலக்கடலை, உளுந்து, எள், கேழ்வரகு போன்ற நெருக்கமான பயிர்களுக்கு ஏற்றது. தட்டித் தட்டிச் சுற்றும் இந்தத் தலையைக் கண்டுபிடித்தவரும் ஒரு விவசாயிதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு வகைத் தோட்டம் வைத்திருந்த ஓர்டன் எங்கல்ஹார்ட் 1935ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார்.

*மினி ஸ்பிரிங்க்ளர்:* சிறிய தலைகளை 8 முதல் 10 மீட்டர் இடைவெளியில் பயிர்க்காலம் முழுவதும் அப்படியே விட்டுவைப்பது. துளி சிறியது, தண்ணீர் மெதுவாக இறங்கும். குழாய் தூக்க ஆள் கிடைக்காத குடும்பங்களுக்கு உதவும். சிறு துளை என்பதால் வடிகட்டி நன்றாக இருக்க வேண்டும்.

*ரெயின் கன் எனும் மழைத்தூவான்:* 20 மீட்டருக்கு மேல் வீசும். அழுத்தம் அதிகம் வேண்டும், துளியும் பெரிது. கரும்பு, தீவனப்புல் போன்ற உயரமான பயிர்களுக்குச் சரி. முளைத்து வரும் கடலைக்கும் பூக்கும் உளுந்துக்கும் வேண்டாம். பெரிய துளி செம்மண்ணை அடித்து மேலே ஏடு கட்ட வைக்கும்.

*ரெயின் ஹோஸ்:* துளையிட்ட தட்டைக் குழாய். விலை குறைவு, குறைந்த அழுத்தத்தில் ஓடும். கீரை, வெங்காயம், நாற்றங்கால் போன்ற சிறு பரப்புக்கு ஏற்றது. கம்பெனி சொன்ன நீளத்துக்கு மேல் இழுத்தால் கடைசிப் பகுதியில் தண்ணீர் எழும்பாது. காற்றடித்தால் ஒரு பக்கமே நனையும்.

வாங்கும் முன் மூன்று அளவுகள்

முதல் அளவு, மோட்டார் தண்ணீர். திறந்த குழாயில் கொட்டும் தண்ணீரைப் பார்த்து ஏமாறக் கூடாது. குழாயில் அழுத்தமானி பொருத்தி, கேட் வால்வை மெல்லத் திருகி, முள் 3 கிலோ அழுத்தத்தில் நிற்கும்படி வையுங்கள். அந்த நிலையில் 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 45 விநாடி ஆனால் விநாடிக்கு சுமார் 4.4 லிட்டர். ஒரு தலை விநாடிக்கு அரை லிட்டர் எடுக்கும் என்றால் இந்த போருக்கு ஒரே நேரத்தில் எட்டுத் தலைதான் கணக்கு. பத்து, பன்னிரண்டு என்று சேர்த்தால் எல்லாத் தலையும் சோர்ந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும் என்பதால் இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் செய்வதே நல்லது.

இரண்டாவது அளவு, மண்ணின் உறிஞ்சும் வேகம். விநாடிக்கு அரை லிட்டர் என்றால் மணிக்கு 1,800 லிட்டர். 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடைவெளியில் தலை வைத்தால், 144 சதுர மீட்டருக்கு அந்தத் தண்ணீர். வகுத்தால் மணிக்கு 12.5 மில்லிமீட்டர் மழை. மணல் கலந்த செம்மண் மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சும் என்பதால் பயமில்லை. களிமண் மணிக்கு 5 மில்லிமீட்டர்கூட உறிஞ்சாது. அங்கே இதே தலையைப் போட்டால் மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடி நிற்கும். களிமண்ணுக்குச் சிறிய துளை உள்ள தலையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது அளவு, காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தண்ணீர்த் துளி எந்த மூலைக்கு? காற்றில்லாத நேரத்தில் ஒரு தலை நனைக்கும் வட்டத்தின் விட்டத்தில் 65 சதவிகிதம் வரை இடைவெளி விடலாம். காற்றுள்ள கொல்லைக்குப் பாதி விட்டம்தான் கணக்கு. 24 மீட்டர் விட்டம் நனைக்கும் தலை என்றால் 12 மீட்டர். அதாவது ஒரு தலையின் தண்ணீர் பக்கத்துத் தலையின் அடிவரை போய் விழ வேண்டும்.

கடையில், "அண்ணே, பதினஞ்சு மீட்டருக்கு ஒண்ணு போட்டுக்குங்க, பைப்பும் மிச்சம், தலையும் மிச்சம்" என்று சொல்லலாம். தலைக்குப் பக்கத்தில் அதிகமாகவும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் விழுவதுதான் இந்தக் கருவியின் இயல்பு. ஒன்றின் குறையை அடுத்தது நிரப்பினால்தான் சமம் வரும். இடைவெளி கூடினால் நடுவில் வறட்சிதான் மிஞ்சும்.

டப்பா சோதனை

தண்ணீர் சமமாக விழுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1942ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்ற ஆய்வாளர், வயலில் டப்பாக்களை வரிசையாக வைத்து, விழுந்த தண்ணீரை அளந்து கணக்கிடும் முறையை வகுத்துக் கொடுத்தார். அதன் எளிய வடிவத்தை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

நான்கு தலைகளுக்கு நடுவே உள்ள 12-க்கு 12 மீட்டர் சதுரத்தில், 3 மீட்டருக்கு ஒன்றாக 16 டப்பாக்களை வையுங்கள். எல்லாம் ஒரே அளவாக, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். டப்பாவின் வாய் மட்டமாகவும் செடி மறைக்காமலும் இருக்கட்டும். அந்தச் சதுரத்தில் தண்ணீர் விழும் எல்லாத் தலைகளையும் ஒரு மணி நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

உதாரணமாக 16 டப்பாக்களின் கூட்டுத்தொகை 168 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10.5. இவற்றில் மிகக் குறைவாக நிறைந்த நான்கு டப்பாக்களில் 8, 7, 6, 5 என்று இருந்தால் அவற்றின் சராசரி 6.5. இந்த 6.5-ஐ 10.5-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 62 சதவிகிதம். இதுதான் அந்த வயலின் மதிப்பெண். 75-க்கு மேல் இருந்தால் தேர்ச்சி. 80-க்கு மேல் நல்லது. 62 என்றால் கவனிக்க வேண்டிய வயல்.

இந்த மதிப்பெண் மோட்டார் ஓடும் நேரத்தையும் சொல்லிவிடும். காய்ந்த பகுதிக்கும் 25 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டும் என்றால், 62 சதவிகித வயலில் சராசரியாக 40 மில்லிமீட்டர் விட வேண்டும். 80 சதவிகித வயலில் 31 மில்லிமீட்டர் போதும். வித்தியாசம் 9 மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். ஏக்கருக்கு அது 36,000 லிட்டருக்கு மேல். ஏழு ஏழு தலையாக நான்கு முறை மாற்றிப் போட்டு ஒரு ஏக்கரை முடிப்பவருக்கு, ஒவ்வொரு முறையும் 50 நிமிடம் கூடுதல் ஓட்டம். ஆக ஏக்கருக்கு 3 மணி நேரத்துக்கு மேல், அதுவும் ஒவ்வொரு பாசனத்துக்கும். மின்சாரம் இலவசம்தான். கிணற்றுத் தண்ணீர் அப்படியல்ல.

மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வது?

முதல் தலையிலும் கடைசித் தலையிலும் ஒரு துண்டு ஹோஸைச் செருகி, ஒரு நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்து அளக்கவும். முதல் தலை 30 லிட்டர் கொடுத்தால் கடைசித் தலை 27-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் குழாய் நீளம் அதிகம், அல்லது குழாய் சிறிது. வரிசையைச் சுருக்கலாம், இல்லாவிட்டால் 63-க்குப் பதில் 75 மில்லிமீட்டர் குழாய் போடலாம்.

அழுத்தம் குறைந்தால் துளி பெரிதாகித் தள்ளிப்போய் வளையமாக விழும், நடுவில் காயும். அழுத்தம் கூடினால் தண்ணீர் புகையாகிக் காற்றோடு போகும். இரண்டையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

தலைகள் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே துளை அளவாக இருக்கட்டும். தொலைந்துபோன தலைக்குப் பதில் கிடைத்ததை மாட்டினால் சமம் கெடும். மணல் வரும் போரில் துளை நாளடைவில் தேய்ந்து பெரிதாகும். புதிய துளைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் அடிப்பகுதியை ஒன்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கொருமுறை நுழைத்துப் பாருங்கள். ஆடினால் மாற்ற வேண்டும்.

தலையைத் தாங்கும் கம்பிக் குழாய் சாயாமல் செங்குத்தாக நிற்கட்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் காயும்.

செலவில்லாத ஒரு வழியும் உண்டு. இந்த முறை குழாய் கிடந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே அடுத்த முறை குழாயைப் போடுங்கள். போன முறை குறைந்த இடத்துக்கு இந்த முறை நிறையக் கிடைக்கும். பயிர்க்காலம் முழுவதும் இப்படி மாற்றிப் போட்டால் மேடு பள்ளம் பெரும்பாலும் சமன்படும்.

வரப்போரம் எப்போதும் குறைவாகவே நனையும். அரை வட்டம் சுற்றும் தலை கிடைத்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் புரோடீனியாப் புழுவுக்குப் பொறிப்பயிராகப் போடும் ஆமணக்கை அந்த ஓரத்தில் விடலாம். அது வறட்சி தாங்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நேரத்தில் ஓட்டலாம்?
காற்று அடங்கிய விடியற்காலை நல்லது. வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். மாலையில் நனைத்து இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் டிக்கா இலைப்புள்ளியும் துருநோயும் கூடும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் போடலாமா?
மணமேல்குடி போன்ற கடலோரப் பகுதியினர் முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் ஓரம் கருகும். உப்பு அதிகம் என்றால் இலையில் படாத சொட்டு நீர்தான் பாதுகாப்பு.

வடிகட்டி கட்டாயமா?
மினி ஸ்பிரிங்க்ளருக்குக் கட்டாயம். மணல் வரும் போருக்கு மணல் பிரிப்பானும் திரை வடிகட்டியும், பாசி உள்ள திறந்த கிணற்றுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் மணல் வடிகட்டியும் பொருந்தும்.

மானியத்துக்கு யாரைப் பார்ப்பது?
வேளாண் பயிர்களுக்கு உங்கள் வட்டார உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகம். காய்கறி, பூ, பழப் பயிர்களுக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று, புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பயிருக்கேற்ற ஆலோசனையை வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் பெறலாம்.

கம்பெனி ஆட்கள் வந்து பொருத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?
பணி முடிந்ததாகக் கையெழுத்துப் போடும் முன் எல்லாத் தலைகளையும் ஓட விட்டு, முதல் தலையையும் கடைசித் தலையையும் வாளியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் டப்பா சோதனையையும் அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். குறையை அன்றைக்கே சொன்னால் அன்றைக்கே சரியாகும். எழுதிய 16 எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி அளக்கும்போது கருவி தேய்ந்ததா, கிணறு இறங்கியதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.