சுவர் கட்ட வருகிறார்கள். பாடம் நடத்துவது யார்? கூடலூர் மலை சொல்லும் பதில்!

லண்டனிலோ பெர்லினிலோ படிக்கும் ஓர் இளைஞர். 2 வாரம் லீவு. "ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன்" என்று விமானம் ஏறுகிறார். சிமெண்டு குழைக்கிறார். செங்கல் தூக்குகிறார். பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஊர் திரும்பி விடுகிறார்.

நல்ல மனசுதான். ஆனால் அவர் போன பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது யார்? பாடம் சொல்வது யார்? வராத பிள்ளையை வீடு தேடிப்போய் அழைத்து வருவது யார்?

இந்தக் கேள்விக்கு நீலகிரி மாவட்டம் கூடலூரில் பதில் இருக்கிறது.

ஜனாதிபதி மகன் கையில் மண்வெட்டி!

வெளிநாடு போய் உடல் உழைப்பைத் தானம் கொடுப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

சுவிட்சர்லாந்தில் 1873-ல் ஜனாதிபதியாக இருந்தவர் பால் செரசோல். அவர் மகன் பியர் செரசோல் ஓர் என்ஜினீயர். முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டின் வெர்டன் பகுதி தரைமட்டம் ஆகிக் கிடந்தது. 1920-ல் அங்குள்ள ஒரு கிராமத்துக்கு நண்பர்களோடு போய் மண்வெட்டி பிடித்தார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மனிக்காரர்களும் இருந்தார்கள். நேற்றுவரை பகைவர்கள், அன்று ஒன்றாக வேலை!

1934 ஜனவரி 15-ந்தேதி பீகாரில் பெரிய பூகம்பம். செரசோல் கப்பல் ஏறி வந்தார். காந்திஜியைச் சந்தித்தார். கிராமத்து ஜனங்களோடு சேர்ந்து வீடு கட்டினார். ஒரே தடவையோடு விட்டுவிடவில்லை. 1937 வரை திரும்பத் திரும்ப வந்தார்.

திரும்பத் திரும்ப வந்ததே பெரிய காரியம். கூடலூருக்கு வந்தவர்களோ அங்கேயே தங்கி விட்டார்கள்!

சுவர் இருந்தது, பிள்ளைகள் இல்லை

கூடலூர், பந்தலூர் பகுதி ஊட்டி மாதிரி அல்ல. இது வயநாட்டை ஒட்டிய மலைச்சரிவு. பணியர், பெட்டக் குரும்பர், முள்ளுக் குரும்பர், காட்டு நாயக்கர் என்று ஆதிவாசிகள் வாழும் பூமி.

இவர்களில் பணியர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு கோயில் திருவிழா நடக்கும். அங்கே முன்பணம் கொடுத்து, ஒரு வருஷ வேலைக்குப் பணியர்களைப் பிடித்துப்போவது அந்தக் காலத்து வழக்கம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போனால் என்ன ஆகும்? வீட்டில் பேசுவது ஒரு மொழி. வகுப்பில் டீச்சர் பேசுவது வேறு மொழி. பக்கத்தில் உட்காரும் பையன் கேலி செய்வான். நாலு நாள் போகும். ஐந்தாம் நாள் காட்டுக்குள் ஓடிவிடும்.

ஆக, பள்ளிக்கூடமே இல்லை என்பது அல்ல பிரச்சினை. சுவர் இருந்தது. கரும்பலகை இருந்தது. பிள்ளைகள்தான் அங்கே நிற்கவில்லை. இன்னும் நாலு சுவர் கட்டிக் கொடுத்தால் மட்டும் இது தீருமா?

முதலில் நிலம், பிறகு ஆஸ்பத்திரி

1980-களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கரா, அவர் மனைவி மாரி தெக்கேக்கரா ஆகியோர் கூடலூர் வந்தார்கள். "ஆக்கார்டு" என்ற தொண்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். எடுத்த எடுப்பில் கட்டிடம் கட்டவில்லை. "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்கள்.

முதல் கஷ்டம் நிலம். கூடலூர் ஜென்ம நிலங்களைப் பற்றிய சட்டம் 1969-ல் வந்தும் பட்டா வழக்கு ஓயவில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தை விட்டு ஆதிவாசிகள் விரட்டப்பட்டார்கள். அவர்களே சேர்ந்து "ஆதிவாசி முன்னேற்ற சங்கம்" அமைத்தார்கள். 1988 டிசம்பரில் கூடலூர் வீதியில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் ஊர்வலம் போனார்கள். ஊரே வாய் பிளந்தது!

அடுத்து வைத்தியம். டாக்டர்கள் வந்து தங்கினார்கள். ஆதிவாசிப் பெண்களுக்கே நர்சு பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் "அஸ்வினி" என்ற அமைப்பு உருவாகி, ஆதிவாசிகளுக்கென்றே ஆஸ்பத்திரி வந்தது.

மூன்றாவதுதான் படிப்பு.

டீச்சரும் நம்ம ஆள்!

ரமா சாஸ்திரி, ராம்தாஸ் தம்பதி கூடலூரில் "வித்யோதயா" என்ற சின்னப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார்கள். 1990-களின் நடுவில் சங்கத்தார் கேட்டுக்கொண்டதால், அது ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாக மாறியது.

படித்த ஆதிவாசி இளைஞர்களுக்கு ஆசிரியர் பயிற்சி தரப்பட்டது. பெரியவர்கள் சொல்லும் கதையும் பாட்டும் பாடத்தில் சேர்ந்தன. பிள்ளை தன் மொழியில் பேசினால் அதட்டல் இல்லை. டீச்சரும் நம்ம ஆள் என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பயம் வரும்?

வெள்ளைக்காரருக்கு என்ன வேலை?

வெளிநாட்டுக்காரருக்குக் கதவைச் சாத்திவிட்டார்களா? இல்லை. ஜெர்மனியில் உள்ள நண்பர்கள் கூடலூர் ஆதிவாசிகளின் தேயிலையை வாங்கி அங்கே விற்றுக் கொடுத்தார்கள். செங்கல் தூக்குவதைவிட இது கெட்டியான உதவி. தேயிலை விற்றால் அப்பன் கையில் காசு. காசு இருந்தால் பிள்ளை வேலைக்குப் போக வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. 1994-ல் தெக்கேக்கரா தம்பதி இங்கிருந்து பிரிட்டனுக்குப் போனார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஏழைகள் வாழும் ஈஸ்டர்ஹவுஸ் பகுதியைப் பார்த்தார்கள். வீட்டில் டி.வி. இருந்தது, வேலை இல்லை, நம்பிக்கையும் இல்லை. கூடலூர்க்காரர்கள் வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் யோசனை சொன்ன கதை இது! பிறகு "ஜஸ்ட் சேஞ்ச்" என்ற அமைப்பு வந்தது. கூடலூர் தேயிலை பிரிட்டன் ஏழைகளின் கோப்பைக்கும் போய்ச் சேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பள்ளிக்கூடம் கட்ட ஒருவர் ஐரோப்பாவில் இருந்து வருகிறார். போக வர விமானச் செலவு எவ்வளவு? அந்தப் பணத்தில் உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எத்தனை நாள் கூலி தரலாம்? மலைச்சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பி, மழைத்தண்ணீர் வடிய வழிவிட்டுக் கட்ட வேண்டும். அந்த நெளிவு சுளிவு உள்ளூர்க் கொத்தனாருக்குத்தான் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வருகிறவர், கைமாறு எதுவும் வாங்காமல், அதிகபட்சம் 1 மாதம்தான் தொண்டு வேலை செய்யலாம். வெளிநாட்டு நன்கொடை என்றால், 2020-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வரவேண்டும்.

வருகிறவரும் சரி, வரவேற்கிறவரும் சரி, 3 கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இதைக் கேட்டது அந்த ஊர் ஜனங்கள்தானா? வேலை முடிந்ததும் சாவி யார் கையில்? அடுத்த வருஷம் டீச்சருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக விமானம் ஏறலாம். இல்லையென்றால் அந்த டிக்கெட் பணத்தை டீச்சர் சம்பளத்துக்கு அனுப்பி வைப்பதே புண்ணியம்.