கணக்கேட்டை முகிலில் வைப்போமா?

நம்மவர் கடைகள் பலவற்றில் கொள்முதலும் கடனும் இருப்பும் ஒரே கணனிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அது பழுதடைந்தாலோ களவு போனாலோ, வரித் திணைக்களம் கணக்குக் கேட்கும் நாளில் கையில் ஏதும் இராது.

இதற்கு மாற்றுவழியே முகில் மென்பொருள். பெயர்தான் முகில், பதிவுகள் தொலைவிலுள்ள தரவு நிலையங்களிற் சேமிக்கப்படுகின்றன. கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் இணையம் வழியே அவற்றைப் பார்க்கலாம். பெருந்தொகை முதலிட வேண்டியதில்லை. மாதச் சந்தா போதும். மென்பொருளைப் புதுப்பிப்பதும் வழங்குநரின் பொறுப்பே. 1999 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் இம்முறையைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒன்று.

ஆயினும் முகிலையும் தீ தீண்டும். 2021 மார்ச் 10 ஆம் நாள் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையமொன்று எரிந்தழிந்தது. வேறிடத்திற் பிரதி வைத்திருந்தோர் மீண்டனர். வைக்காதோர் சிலர் தம் பதிவுகளை நிரந்தரமாக இழந்தனர்.

எனவே ஒப்பமிடுமுன் கேட்போம்: பிரதி வேறு நகரில் உண்டா? சந்தாவை நிறுத்தினால் நம் பதிவுகளை நாமே எடுத்துச் செல்லலாமா? இணையம் தடைப்பட்டால் விற்பனை நடக்குமா?

அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து இழந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. கணக்கேட்டிலும் அதை மறவாதிருப்போம்.